கரிசல் காட்டில் ஒரு கௌபாய்!

டிசம்பர் மாதத்தில் வெளியூர்க்காரன் ஒருத்தன் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, தீபாவளிப் பட்டாசுப் பாக்கி. இன்னொன்று, காலண்டர். நான் இறங்கியது காலண்டருக்காக.

மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் மச்சான் இரண்டாயிரம் தினசரிக் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். ஆடிப்பெருக்கு அன்று புது ஆல்பம் வெளியானதுமே வரவழைத்து, முருகனா லட்சுமியா என்று வீட்டில் ஓட்டெடுப்பு நடத்தி (லட்சுமி ஜெயித்தாள். எங்கள் அக்காவின் ஓட்டு மூன்று ஓட்டுக்குச் சமம்!), அட்வான்ஸும் கட்டியாகிவிட்டது. டிசம்பர் 20 தாண்டியும் சரக்கு வரவில்லை. போன் போட்டால், "லாரியில ஏத்தியாச்சு அண்ணாச்சி!" என்று ஒரே பதில். பத்து நாளாக அந்த லாரி வந்துகொண்டே இருக்கிறது. மதுரைக்கும் சிவகாசிக்கும் நடுவில் இமயமலை ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"நீ வீட்ல சும்மாதானே எழுதிக்கிட்டிருக்கே... ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாயேன். பி.காம் படிச்சவன்தானே!" என்றார் மச்சான்.

சும்மா எழுதிக்கொண்டிருப்பவன் கிளம்பினேன்.

வழியில் விருதுநகரில் இறங்கி எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடவில்லை என்றால் அது பாவக்கணக்கில் சேரும் என்பதால் நாலு பரோட்டா வரவு வைத்துக்கொண்டு அடுத்த பஸ் பிடித்தேன். திருத்தங்கல் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் கரிசல் மண், சீமைக்கருவேலம், நடுநடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். தூரத்தில் இருந்து பார்க்க யாரோ தீப்பெட்டிகளை எண்ணி எண்ணி அடுக்கிவைத்த மாதிரி இருக்கும். ஏன் தள்ளித் தள்ளி? ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பது தப்பிக்க வேண்டுமே... அதற்குத்தான்.

1920-களின் ஆரம்பத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்த்த பூமிக்கு நெருப்பு சோறு போட்டது. தீப்பெட்டி, அப்புறம் பட்டாசு, லேபிள் ஒட்ட அச்சகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து 'குட்டி ஜப்பான்' ஆன கதை உங்களுக்கே தெரியும்.

அச்சகத்தில் எனக்குக் கிடைத்த பதில்: "சாயங்காலம் வாங்க சார்... பைண்டிங்ல இருக்கு." அப்படியானால் அந்த லாரி? கேட்கவில்லை. வம்பு எதற்கு!

சாயங்காலம் வரை என்ன செய்வது? கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து என் டிரையல் பேலன்ஸைக் காப்பியடித்த (அதனாலேயே இரண்டு பேரும் ஃபெயிலான) நண்பன் இங்கே ஒரு பட்டாசு ஆலையில் அக்கவுன்டன்ட். போன் போட்டேன். ஸ்கூட்டரில் வந்து அள்ளிக்கொண்டு போனான்.

வீட்டு வாசலில் காகித நட்சத்திரம். உள்ளே காலை வைத்தால் ஒரு வெள்ளைக்காரக் குரல்! வெண்ணெயில் கத்தியை இறக்கின மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது. குரல் வந்த மூலையில் ஒரு பழைய டேப் ரிக்கார்டர். பக்கத்தில் வேட்டி, கை வைத்த பனியன், கழுத்தில் மப்ளரோடு நண்பனின் அப்பா. (சிவகாசியில் எதற்கு மப்ளர் என்று கேட்காதீர்கள். டிசம்பர் என்றால் மப்ளர். அது ஒரு விசுவாசம்.)

"வாங்க தம்பி... உக்காருங்க. ஜிம் ரீவ்ஸ் பாடுதாரு. முடிச்சிரட்டும்."

ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருப்பது போலச் சொன்னார்.

ஜிம் ரீவ்ஸைத் தெரியாதவர்களுக்காக ஒரு பாரா. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1923-ல் பிறந்தவர். பேஸ்பால் ஆடப் போய்க் காலில் அடிபட்டு, வானொலி அறிவிப்பாளராகி, அப்புறம் பாடகரானவர். கௌபாய் வேஷத்தில் ஆரம்பித்து கோட்டு சூட்டுக்கு மாறி, மைக்குக்கு மிக நெருக்கத்தில் வாயை வைத்து ரகசியம் சொல்வது போலப் பாடி உலகத்தை வளைத்துப் போட்டார். 1964 ஜூலை 31-ம் தேதி, தானே ஓட்டிய சின்ன விமானம் புயல் மழையில் சிக்கி நாஷ்வில் பக்கத்தில் விழுந்து இறந்தபோது வயது நாற்பது. 1962-ல் ஒரு பக்திப் பாட்டு ஆல்பம், 1963-ல் ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம் போட்டிருந்தார். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இந்தியாவிலும் இலங்கையிலும் எத்தனையோ கிறிஸ்தவ வீடுகள் அறுபது வருஷமாக டிசம்பரை ஓட்டுகின்றன. அவர் ஊரிலேயே அவரை மறந்தவர்கள் உண்டு. கோட்டயத்திலும் கொழும்பிலும் மறக்கவில்லை. சிவகாசியிலும் மறக்கவில்லை என்பதைத்தான் இப்போது கண்ணால் பார்க்கிறேன்.

அப்பா நாற்பது வருஷம் அச்சகத்தில் மெஷின்மேன். எட்டாம் வகுப்பு. மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது அங்கிருந்த வார்டன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் கிராமபோனில் போட்ட பாட்டு காதில் ஒட்டிக்கொண்டது.

"அர்த்தம் புரியுமாப்பா?"

"ஆரம்பத்துல எங்க புரிஞ்சுது! அந்தாளு அழுதுக்கிட்டே பாடுதாரு, ஆனா பயமில்லாம பாடுதாருன்னு மட்டும் தெரிஞ்சுது. அதுபோதாதா?"

சொல்லிவிட்டு, அலமாரியில் இருந்து ஒரு டைரியை எடுத்து வந்தார். ஏதோ கம்பெனி விளம்பர டைரி, அவர் அச்சகத்தில் மிச்சமானது. திறந்தால் பக்கம் பக்கமாக இங்கிலீஷ் பாட்டு... தமிழ் எழுத்தில்! டேப்பை நிறுத்தி நிறுத்தி, காதில் விழுந்ததை விழுந்தபடி வருஷக்கணக்கில் எழுதியிருக்கிறார். ஆண்டவரைக் குறிக்கும் 'லார்ட்' ஒரு பக்கத்தில் 'லாடு' என்றிருக்கிறது. இன்னொரு பக்கத்தில் 'லாரி'!

பத்து நாளாக லாரியை நம்பி ஏமாந்தவன் நான். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

கன்ட்ரி மியூசிக் என்பதை நம் பாஷையில் சொன்னால் நாட்டுப்புறப் பாட்டு. பருத்திக்காடு, நிலக்கரிச் சுரங்கம், ரயில் பாதை என்று உடம்பை வைத்துப் பிழைத்த தென் அமெரிக்க மாநிலத்து ஏழை ஜனங்களின் பாட்டு. (தென் அமெரிக்கா கண்டம் இல்லை சார், அமெரிக்காவுக்குள்ளேயே தெற்கே இருக்கிற மாநிலங்கள். ஜியாக்ரஃபி வாத்தியார்கள் அடிக்க வரவேண்டாம்!) அதில் பாதி சாராயமும் காதல் தோல்வியும். மீதிப் பாதி சாமி பாட்டு. சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமை காலையும் ஒரே கிதாரில்! 1800-களின் தொடக்கத்தில் கென்டக்கி பக்கம் காட்டுவெளியில் கூடாரம் போட்டு நாள்கணக்கில் ஜெபக் கூட்டம் நடத்தினார்கள். வந்த ஜனத்தில் பாதிப் பேரிடம் புத்தகம் கிடையாது, இருந்தாலும் படிக்கத் தெரியாது. அதனால் பாட்டு சுருக்கமாக, ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதாக அமைந்தது. அந்த வாடைதான் கன்ட்ரி பக்திப் பாட்டில் இன்றைக்கும் அடிக்கிறது.

கூடாரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சிவகாசிக்கும் ஒரு கூடாரக்காரர் வந்தார். டி.ஜி. ராக்லண்ட். கேம்பிரிட்ஜில் கணக்குப் படித்துப் பேர் வாங்கியவர். 1854-ல் இந்தப் பக்கம் வந்து, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் பிரசங்கம் செய்து, 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்துபோனார். கேம்பிரிட்ஜ் கணக்கு எங்கே, கரிசல் காட்டுக் கூடாரம் எங்கே! பி.காம் கணக்குக்கே இந்தக் கதி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அப்பாவுக்கு மிகவும் பிடித்த பாட்டு எது என்று கேட்டேன். 'டேக் மை ஹேண்ட், ப்ரெஷஸ் லார்ட்' இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டினார். அந்தத் தாள் மட்டும் விரல் பட்டுப்பட்டுப் பழுப்பேறியிருந்தது.

பழைய புத்தகக் கடையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு. அதனால் எனக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டேன். "இதை எழுதினவர் தாமஸ் டார்சின்னு ஒரு கறுப்பினத்தவர்ப்பா. முதல்ல பிளூஸ் பாட்டுக்கு பியானோ வாசிச்சவர். 1932-ல சிகாகோவில நிறைமாசக் கர்ப்பிணியா இருந்த பொண்டாட்டிய விட்டுட்டு, வெளியூர்ல பக்திக் கூட்டத்துல பாடப் போயிருக்கார். அங்க தந்தி வருது... பிரசவத்துல பொண்டாட்டி போயிட்டா. திரும்பி வந்தா, பிறந்த குழந்தையும் போயிருச்சு. அந்த துக்கத்துல உண்டான பாட்டு இது."

அப்பா டேப்பை நிறுத்திவிட்டார்.

"இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாது தம்பி."

நான் உற்சாகத்தில் நிறுத்தாமல் ஜானி கேஷுக்குத் தாவினேன். அவரும் கன்ட்ரி பாடகர்களில் பெரிய தலை. ஆர்கன்சா மாநிலத்தில் டயஸ் என்ற ஊரில், பருத்திக் காட்டில் வளர்ந்தவர். "நம்ம கரிசல் மாதிரியேதான்ப்பா. குடும்பமே பருத்தி எடுக்கும். எடுத்துக்கிட்டே சாமி பாட்டு பாடும். அவருக்கு ரெண்டு வயசு மூத்த அண்ணன், பேரு ஜாக். பிரசங்கியார் ஆகணும்னு ஆசைப்பட்ட பையன். 1944 மே மாசம், ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடப் பட்டறையில மரம் அறுக்கற வேலை. அன்னிக்கு ஏதோ மனசு சரியில்லை, போகாதடான்னு அம்மா சொல்லியிருக்காங்க. மீன் பிடிக்கப் போவோம் வாடான்னு தம்பி கூப்பிட்டிருக்கார். வீட்டுக்கு மூணு டாலர் கிடைக்குமேன்னு ஜாக் வேலைக்குப் போயிட்டான். ரம்பம் இழுத்துருச்சு. ஒரு வாரம் கிடந்து செத்தான். ஜானி கேஷ் அதைக் கடைசிவரைக்கும் மறக்கலை. முதல் கம்பெனியில பக்திப் பாட்டு விற்காதுன்னு சொன்னதால கம்பெனியவே மாத்தி, 1959-ல பக்தி ஆல்பம் போட்டார்..."

அங்கேதான் நான் கவனித்தேன். ஆல்பம் விவகாரம் எதுவும் அப்பா காதில் ஏறவில்லை. மூணு டாலரிலேயே நின்றுவிட்டார்.

"எங்க அம்மாவும் போகாதேன்னுதான் சொன்னாக" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நண்பனைப் பார்த்தேன். அவனும் முழித்தான்.

அப்பாவுக்கு ஒரு தங்கச்சி. பத்தொன்பது வயசில் பட்டாசு வேலையில் போனவர். போட்டோ சுவரில் இருக்கிறது, இரட்டை ஜடையோடு. அது நண்பனுக்குத் தெரியும். மீதி தெரியாது.

"தீபாவளிக்கு இருபது நாள் இருக்கு. அவளுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல். படுத்துக்கிடட்டும்னு அம்மா சொன்னாக. நான்தான்... லீவு போட்டா போனஸ்ல பிடிப்பாகன்னேன். கிறிஸ்துமஸ் சேலைக்கு ஆகும்லா, போயிட்டு வான்னு சைக்கிள்ல கொண்டுபோயி கம்பெனி பஸ்ஸுல ஏத்தி விட்டேன். நான்தான் ஏத்தி விட்டேன்."

வீட்டில் சத்தமே இல்லை. அடுப்படியில் இருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும் போல.

நண்பன் எழுந்து வெளியே போனான். நானும் பின்னாலேயே போனேன். திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தவன், சட்டென்று பொரிந்தான்.

"எனக்கு இந்தப் பாட்டைக் கேட்டாலே எரிச்சல் மாப்ள. 'பரவால்ல, மேலே போய்ப் பார்த்துக்கலாம், கையைப் பிடிச்சுக்கோ'ன்னே பாடிக்கிட்டிருந்தா கீழே இருக்கறதை யாருடா கேக்கறது? நான் அக்கவுன்ட்ஸ்ல இருக்கேன். எனக்குத் தெரியும். ஒரு ஆள் போனா அது ஒரு வவுச்சர். எங்க அத்தையும் எங்கேயோ ஒரு லெட்ஜர்ல ஒரு வரியா இருந்திருப்பாங்க. 2012 செப்டம்பர் அஞ்சாம் தேதி முதலிப்பட்டியில முப்பத்தஞ்சு பேருக்கு மேல போனாங்களே... அதுக்கப்புறமாவது நின்னுதா?"

அவன் கோயில் பாட்டுக்குழுவில் கிதார் வாசிக்கிறவன். (இந்தப் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். பாதிரியாரை ஐயர் என்பார்கள். "ஐயர் வர்ற நேரமாச்சு" என்று அம்மா சொன்னபோது நான் பஞ்சகச்சத்தை எதிர்பார்த்து ஏமாந்தேன்!) அவன் கட்சி வேறு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு கட்சி. 'பரட்டை' என்று பேர் வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டியவர் அவர். 2005-ல் காலமானார். வேதநாயக சாஸ்திரியார் காலத்தில் இருந்து வரும் கர்நாடக மெட்டுக் கீர்த்தனை, வெள்ளைக்காரன் மெட்டுப் பாமாலை என்று கோயிலுக்குள் இரண்டும் உட்கார்ந்திருக்க, கூலிவேலை செய்கிறவனின் பாட்டு மட்டும் ஏன் வாசலில் நிற்கிறது என்று கேட்டார். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கூலி, சாதி, பசி எல்லாவற்றையும் சாமியிடமே நேராகக் கேட்கிற பாட்டுகள். ஜோயி ஷெரினியன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அவரைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார், 2014-ல்.

"அதுவும் நாட்டுப்புறப் பாட்டுதானேடா? உங்கப்பா கேக்கறதும் நாட்டுப்புறப் பாட்டுதான். நாடுதான் வேற" என்றேன்.

"நாடு வேறன்னா எல்லாமே வேறதான்" என்று முறைத்தான்.

நியாயமாகப் பார்த்தால் எனக்கும் நண்பன் கட்சிதான். வெடிக்கிற அறைக்குள் போகிறவனுக்குப் பாட்டு வேண்டாம், பத்திரமான அறை வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் துக்கத்துக்கு மறுவாரமே இந்த மனுஷன் மெஷினில் போய் நின்றிருக்கிறார். சரியாக நாலு கலரையும் ஒன்றின்மேல் ஒன்று விழவைத்து அச்சடித்திருக்கிறார். எதைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்ற கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை, நண்பனிடமும் இல்லை. டைரியில்தான் இருந்தது.

சாயங்காலம் அச்சகத்துக்குப் போனேன். "நாளைக்குக் காலையில கண்டிப்பா சார்!" ராத்திரி தங்கல் உறுதியாகிவிட்டது. அம்மா சந்தோஷமாக இன்னும் ரெண்டு டம்ளர் அரிசி போட்டார்கள்.

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பஜனை. மார்கழிக்கு நம்மிடம் இருக்கிற மாதிரியே அவர்களுக்கும் இருக்கிறது. சபைக்காரர்கள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவார்கள். வீட்டுக்கு வீடு முறுக்கு, கேக், கடுங்காப்பி. ஆறாவது வீட்டில் என் வயிறு கைவிரித்துவிட்டது. டோலக்கு, கஞ்சிரா, நண்பனின் கிதார், நடுவில் குல்லாய் போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா. (அவர் பகலில் பட்டாசுக் கடையில் பில் போடுகிறவர். தாடி அடிக்கடி வாய்க்குள் போய்த் துப்பிக்கொண்டே ஆடினார்.)

கடைசித் தெருவில் ஒரு ஓட்டு வீடு. கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு கையும் முழங்கை வரை தீப்பட்ட தோல். விரல் சரியாக மடங்காது. அன்றைக்கு அதே அறையில் வேலை பார்த்துப் பிழைத்துக்கொண்டவர் என்று நண்பன் காதில் சொன்னான். அத்தையின் சிநேகிதி.

"அண்ணே... அந்த இங்கிலீஸ் பாட்டப் படிங்க" என்றார் அந்த அம்மா. வருஷா வருஷம் இந்த வாசலில் இது வழக்கமாம். பாட்டுக்குழுப் பையன்கள் இந்த நேரத்தில் பீடிக்கும் பாத்ரூமுக்கும் ஒதுங்குவார்களாம். நண்பனும் வழக்கமாகக் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவானாம்.

அப்பா டைரியைத் திறந்தார். பார்க்கவில்லை, சும்மா திறந்து வைத்துக்கொண்டார். ஜிம் ரீவ்ஸ் குரல் எல்லாம் கிடையாது. கரகரத்த, தெற்கத்திக் குரல். 'லாரி' இரண்டு தடவை தெளிவாக வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது அடி எடுக்கும்போது தொண்டை அடைத்து நின்றுவிட்டார்.

பின்னால் இருந்து கிதார் சத்தம் கேட்டது. நண்பன் தெருமுனைக்குப் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அப்பா விட்ட இடத்துக்கு சுருதி பிடித்துக்கொண்டிருந்தான். முதல் தடவை தப்பான கம்பி. இரண்டாவது தடவை சரியாக விழுந்தது. அப்பா திரும்பிப் பார்க்காமல் அதைப் பிடித்துக்கொண்டு மீதியைப் பாடி முடித்தார். அந்த அம்மா மடங்காத விரல்களால் எங்கள் எல்லோருக்கும் தட்டில் அச்சுமுறுக்கு நீட்டினார். வயிற்றில் இடமில்லாத நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்கு அச்சகத்தில் இருந்து நிஜமாகவே போன் வந்தது. சரக்கு தயார். நண்பன் ஸ்கூட்டரை எடுக்க, அப்பாவும் தெருமுனை வரை வழியனுப்ப வந்தார், மப்ளரோடு. அங்கே பட்டாசு ஆலை பஸ் நின்றுகொண்டிருந்தது. கையில் தூக்குவாளியோடு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அவருக்குத் தெரிந்தவர்கள் போல. "ராத்திரி தூங்க விட்டீகளா தாத்தா!" என்று ஒரு சின்னப்பெண் ஜன்னலில் இருந்து கத்தினாள். அவர் கையை ஆட்டினார். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் ஆட்டிக்கொண்டே நின்றார்.

அப்புறம் இடுப்பில் இருந்து டைரியை எடுத்தார்.

"தம்பி... அந்தப் பையன் பேரு என்ன சொன்னீக? மூணு டாலருக்கு வேலைக்குப் போனானே..."

"ஜாக்."

"ஒரு ஓரத்துல எழுதிருங்க. உங்க கையெழுத்து நல்லாருக்கும்."

அந்தப் பழுப்பேறிய பக்கத்தின் மேல் ஓரத்தில் ஏற்கெனவே ஒரு பெண் பெயரும் ஒரு புரட்டாசித் தேதியும் இருந்தன. அதற்குக் கீழே 'ஜாக், 1944 மே' என்று எழுதினேன். 'லாரி'யைத் திருத்தவா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பேனாவை மூடிவிட்டேன்.